வானில் நிகழும் மணம்: தேனீ இன மேம்பாட்டின் வரலாறும் ஒரு கணினி விளையாட்டின் தேனீப் பெட்டியும்

கால்நடைகளையும் பயிர்களையும் மனிதர் மேம்படுத்திய வழி, எந்த ஆணை எந்தப் பெண்ணோடு சேர்ப்பது என்று தாமே முடிவு செய்ததுதான். பொலிகாளையைத் தேர்ந்து பசுவோடு சேர்த்தவர்களும், நல்ல கிடாவை மந்தையில் வைத்துக்கொண்டு எஞ்சியவற்றுக்குக் காயடித்தவர்களும், ஒரு பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்து இன்னொரு பூவில் தடவியவர்களும் செய்தது ஒரே வேலை. எகிப்தியர் காலம் தொட்டு நான்காயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர் அமைத்துக் கொடுத்த கூட்டில் வாழ்ந்தும் தேனீ மட்டும் இந்த வேலைக்கு இடம் கொடுக்கவில்லை. ஒரு கூட்டிலுள்ள பல்லாயிரம் பணித்தேனீக்களுக்கும் ஒரே தாயான இராணித் தேனீ, பிறந்த சில நாள்களில் கூட்டைவிட்டு வெளியே பறந்து, தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில், வெவ்வேறு கூடுகளிலிருந்து வந்து திரண்டிருக்கும் ஆண் தேனீக்களில் ஏறத்தாழ 10 முதல் 20 வரையானவற்றோடு இணைகிறது. அப்போது பெற்ற விந்தணுக்களை வயிற்றிலுள்ள விந்துப்பை என்னும் சிறு உறுப்பில் சேமித்துக்கொண்டு, அதன்பின் வாழ்நாள் முழுதும் அந்தச் சேமிப்பைக் கொண்டே முட்டையிடுகிறது. ஆகவே தேனீ வளர்ப்பவர் தாயைத் தேர்ந்தெடுக்கலாம். தந்தை யார் என்பது அவர் கைக்கு எட்டாத உயரத்தில் முடிவாகிவிடும்.

தேனீ இன மேம்பாட்டின் வரலாறு இந்த ஒரு தடையைச் சுற்றியே நிகழ்ந்தது. தடையை முதலில் கண்டறிய வேண்டியிருந்தது. பின்னர் அதைச் சுற்றிப் போக வழி தேட வேண்டியிருந்தது. கடைசியில், 20ஆம் நூற்றாண்டில், ஓர் ஊசியால் அது கடக்கப்பட்டது. மைன்கிராஃப்ட் என்னும் கணினி விளையாட்டில் தேனீக்களைக் கலந்து புதிய இனங்களை உருவாக்கும் பகுதி அந்தத் தடை இல்லாத ஓர் உலகைக் கட்டியெழுப்பியிருப்பதால், அதை வெறும் பொழுதுபோக்காக ஒதுக்காமல் இந்த வரலாற்றின் தொடர்ச்சியாகவே படிப்பது தகும்.

இராணி பெண் என்பதே ஐரோப்பியர்க்குப் புலப்பட நெடுநாள் ஆயிற்று. கூட்டை ஆள்வது அரசன் என்றே பழைய நூல்கள் பேசின. 1586இல் ஸ்பெயின் நாட்டு லூயிஸ் மெண்டெஸ் தெ டோரஸ் அதை முட்டையிடும் பெண் என்று எழுதினார். அடுத்த நூற்றாண்டில் டச்சு இயற்கையறிஞர் யான் ஸ்வாமர்டாம் அதன் உடலை அறுத்து, நுண்ணோக்கியின்கீழ் சூலகங்களைக் கண்டு, ஐயத்தைத் தீர்த்தார். ஆனால் அந்தப் பெண் எங்கே, எவ்வாறு கருவுறுகிறாள் என்பது அவருக்கும் பிடிபடவில்லை. இன்றைய ஸ்லோவேனியாவில் பிறந்து, பேரரசி மரியா தெரசா வியன்னாவில் நிறுவிய தேனீ வளர்ப்புப் பள்ளியின் முதல் ஆசிரியரான அன்டோன் யான்ஷா, இராணி கூட்டுக்கு வெளியே பறந்து சென்றே இணைகிறாள் என்று கண்டு சொன்னார். அவரை அறியாமலே அதே முடிவுக்கு வந்தவர் ஜெனீவாவின் பிரான்சுவா ஹூபர். இளமையிலேயே பார்வை இழந்த அவர், பிரான்சுவா பூர்னன்ஸ் என்னும் பணியாளரின் கண்களைக் கொண்டு ஆய்ந்து, கூட்டுக்குள் ஆண்களோடு அடைத்து வைக்கப்பட்ட இராணி கருவுறுவதில்லை என்றும், வெளியே பறந்து திரும்பிய இராணியே கருவுறுகிறது என்றும் நிறுவி, 1792இல் நூலாக வெளியிட்டார். அன்று முதல் தேனீ வளர்ப்போருக்குத் தடை இன்னதென்று தெரிந்துவிட்டது.

தடையைத் தெரிந்துகொண்டபின் அதற்கு அப்பால் நடக்கும் மரபுக் கணக்கை முதலில் கண்டவர் சிலேசியாவின் கத்தோலிக்கப் பாதிரியார் யான் ஜியெர்சோன். கருவுற்ற முட்டையிலிருந்து பெண்ணும், கருவுறாத முட்டையிலிருந்து ஆணும் பிறக்கின்றன என்று அவர் 1845இல் எழுதினார். தந்தையின்றி, தாயின் முட்டையிலிருந்து மட்டுமே உயிர் தோன்றுவதைக் கன்னி இனப்பெருக்கம் என்பர். சமகாலத்தவர் பலர் ஏற்கத் தயங்கிய இக்கருத்தை, 1856இல் விலங்கியல் அறிஞர் கார்ல் ஃபொன் சீபோல்ட் நுண்ணோக்கி ஆய்வால் உறுதிப்படுத்தினார். இன்று குரோமோசோம் கணக்கில் இது எளிதாக விளங்கும்: இராணிக்கும் பணித்தேனீக்கும் 32 குரோமோசோம்கள், ஆணுக்கு 16 மட்டுமே. பெண்ணிடம் ஒவ்வொரு மரபணுவும் இரு பிரதிகளாக இருக்க, ஆணிடம் ஒற்றைப் பிரதியாக இருக்கிறது. ஆகவே ஆணின் உடலில் மறைந்து கிடக்கும் பண்பு என்று ஒன்றுமே இல்லை. 1853இல் ஜியெர்சோன் இத்தாலியிலிருந்து மஞ்சள் நிறத் தேனீக்களைத் தருவித்து, உள்ளூர்க் கருநிறத் தேனீக்களோடு கலந்தபோது, கலப்பின இராணிக்குப் பிறந்த ஆண்கள் பாதி இத்தாலிய வகையாகவும் பாதி ஜெர்மானிய வகையாகவும் இருப்பதைக் கவனித்துப் பதிவு செய்தார். பட்டாணிச் செடிகளைப் பற்றிய மெண்டலின் புகழ்பெற்ற உரைக்கு முன்பே, மரபுப் பண்புகள் கலந்து கரைந்துவிடாமல் தனித்தனியே பிரிந்து வெளிப்படுகின்றன என்பதற்கான சான்று ஒரு தேன்கூட்டில் எண்ணப்பட்டுவிட்டது. இந்தக் குறிப்புக்கு மரபியல் வரலாற்று நூல்கள் தரும் இடம் மிகச் சிறியது. அது இன்னும் பெரிதாக இருந்திருக்க வேண்டும்.

இன மேம்பாட்டுக்குத் துணைநின்ற கருவியையும் இங்கே குறிப்பிட வேண்டும். கூட்டை உடைத்து அடையைப் பிழிந்து தேனெடுத்த காலத்தில் ஒரு கூட்டின் பரம்பரையைத் தொடர்ந்து கவனிக்க வழியில்லை. அமெரிக்காவின் லாரென்சோ லாங்ஸ்ட்ராத், 1851இல், அடைகளுக்கிடையே ஏறத்தாழ 6 முதல் 9 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் தேனீக்கள் அதை மெழுகாலோ பிசினாலோ அடைக்காமல் நடைவழியாக விட்டுவிடுகின்றன என்பதைப் பயன்படுத்தி, மரச் சட்டங்களைத் தனித்தனியே வெளியே எடுக்கத்தக்க பெட்டியை வடிவமைத்தார். அந்தச் சட்டப் பெட்டியின் முறையே பின்னர், உருவில் சிறிய இந்தியத் தேனீக்கு ஏற்ற அளவில், திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய நியூட்டன் என்னும் பாதிரியாரால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்தியமைக்கப்பட்டு, நியூட்டன் பெட்டி என்ற பெயரில் தென்னிந்தியாவில் பரவிற்று. சட்டத்தைத் தூக்கி இராணியைக் கண்ணால் கண்டு, அடையாளமிட்டு, மாற்றி வைக்க முடிந்த பிறகே இன மேம்பாடு என்பது பேசத்தக்க பொருளாயிற்று.

மெண்டலின் தேனீக்கள் இந்த வரலாற்றில் மிகவும் வருத்தம் தரும் பகுதி. புருன் நகரத்து மடத்தின் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளைக் கலந்து 1865இல் தம் முடிவுகளை அறிவித்த கிரெகோர் மெண்டல், மடத்துத் தலைவரான பின் தோட்டச் சரிவில் தேனீக் குடில் ஒன்றைக் கட்டி, பல நாட்டுத் தேனீ வகைகளைத் தருவித்து, செடிகளில் கண்ட விதிகள் விலங்குகளிலும் செல்லுமா என்று அறிய முயன்றார். பட்டாணியில் அவருக்கு வாய்த்த பெரும் வசதி, பூவின் மகரந்தத்தைத் தம் கையாலேயே கட்டுப்படுத்த முடிந்ததுதான். இராணிகளையும் ஆண்களையும் வலைக்கூண்டில் அடைத்து இணைய வைக்க அவர் செய்த முயற்சி, ஹூபர் கண்ட அதே காரணத்தால் பலிக்கவில்லை. தந்தையை நிர்ணயிக்க முடியாத இடத்தில் விகிதங்களைக் கணக்கிட முடியாது. எந்த முடிவும் வெளியிடப்படாமலே 1884இல் அவர் காலமானார். மரபியலின் முதல் விதிகளைக் கண்டவரின் அறிவுக்குப் பொருத்தமான உயிரி கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அதன் திருமணம் மட்டும் எட்டாத உயரத்தில் நடந்தது.

ஊசி வருமுன் தடையைச் சுற்றிப் போன வழிகளில் தலைசிறந்தது இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் நடந்தது. 1904இல் வைட் தீவில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட ஒரு நோய், தேனீக்கள் பறக்க இயலாமல் தரையில் ஊர்ந்து மடியும்படி செய்து, சில ஆண்டுகளில் பிரிட்டன் முழுவதும் பரவிற்று. தேனீயின் மூச்சுக்குழலுள் வாழும் நுண்ணிய உண்ணி ஒன்று 1921இல் ஜான் ரென்னியின் குழுவினரால் கண்டறியப்பட்டு, அந்நோய்க்குக் காரணமென்று கொள்ளப்பட்டது. டெவனிலுள்ள பக்ஃபாஸ்ட் மடத்தில் இருந்த 46 கூட்டங்களில் 1916க்குள் 30 அழிந்தன. எஞ்சிய 16 கூட்டங்களும் இத்தாலிய வழி வந்தவை அல்லது அவற்றோடு கலந்தவை. ஜெர்மனியில் கார்ல் கெர்லே என்ற பெயரில் பிறந்து, பதினோரு வயதில் அம்மடத்துக்கு வந்து, பின்னர் சகோதரர் ஆடம் என்று அழைக்கப்பட்ட துறவி, அந்தச் சாவுக்கு நடுவே பிழைத்தவை எவை, ஏன் என்ற கேள்வியையே தம் வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டார். 1919இல் மடத்துத் தேனீக்கள் அவர் பொறுப்புக்கு வந்தன. மெண்டலின் விதிகளைத் தேனீக்குப் பொருத்திக் காட்டிய ஜெர்மானிய அறிஞர் லூட்விக் ஆர்ம்ப்ரூஸ்டரின் நூல் அதே ஆண்டில் வெளிவந்து அவருக்கு வழி காட்டியது.

தந்தையைத் தேர்ந்தெடுக்க அவர் கண்ட வழி நிலத்தைத் தேர்ந்தெடுப்பது. டார்ட்மூர் என்னும், மரங்கள் அருகிய, குளிர்காற்று வீசும் மேட்டுநிலத்தில் காட்டுத் தேனீக்கூட்டமோ பிறர் வளர்க்கும் கூட்டமோ இருக்கவில்லை. 1925இல் அங்கே இணைசேர் நிலையம் ஒன்றை அமைத்து, தாம் விரும்பிய ஒரே வழியில் வந்த ஆண் தேனீக்களை மட்டுமே அங்கு வைத்து, கன்னி இராணிகளைச் சிறு பெட்டிகளில் கொண்டுபோய் வைத்தார். இராணி எவ்வளவு உயரம் பறந்தாலும் அந்த வானத்தில் அவர் அனுப்பிய ஆண்களே இருந்தன. ஐம்பது வயதைக் கடந்தபின், 1950 முதல், ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா முழுவதும் பயணம் செய்து, ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய தேனீ வகைகளைத் தேடிக் கொணர்ந்து, அனத்தோலியத் தேனீயின் சிக்கனத்தையும் பிற வகைகளின் சாந்தத்தையும் நோய் தாங்கும் திறனையும் படிப்படியாக ஒரே வழியில் சேர்த்தார். ஒவ்வொரு சேர்க்கையையும் நிலைப்படுத்தப் பல தலைமுறைகள் வடிகட்ட வேண்டியிருந்தது. 1987இல், ஏறத்தாழத் தொண்ணூறு வயதில், மலைத் தேனீ ஒன்றைத் தேடிக் கிளிமஞ்சாரோவுக்கும் சென்றார். பக்ஃபாஸ்ட் தேனீ என்று உலகெங்கும் அறியப்படும் இனம் இவ்வாறு உருவானது. அதன் சிறப்பு எந்த ஒரு பண்பிலும் இல்லை. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே மனிதர் ஏட்டில் எழுதிவைத்த தாய்வழி, தந்தைவழிப் பதிவுகளின் தொடர்ச்சியில் இருக்கிறது.

மேட்டுநிலமோ தனித்தீவோ வாய்க்காதவர்களுக்கான வழியை அமெரிக்கர் லாயிட் வாட்சன் 1926இல் செய்து காட்டினார். ஆண் தேனீயின் விந்தை நுண்ணிய ஊசிக்குழலில் உறிஞ்சி, அசையாதபடி பிடித்து வைக்கப்பட்ட இராணியின் உடலில் நுண்ணோக்கியின்கீழ் செலுத்தும் இம்முறையைக் கருவிவழிக் கருவூட்டல் என்பர். தொடக்கத்தில் பெரும்பாலான இராணிகள் போதிய அளவு கருவுறவில்லை. இராணியின் பிறப்புவாயில் ஒரு மடிப்புத் தசை வழியை மறைத்திருக்கிறது என்று ஹாரி லெய்ட்லா கண்டபின், அதை ஒதுக்கிவிட்டு ஊசியைச் செலுத்தும் கைத்திறன் வளர்ந்தது. கரியமிலவாயுவால் இராணியை மயக்குவது அது அசையாதிருக்க மட்டுமன்றி, முட்டையிடத் தொடங்கவும் தூண்டுகிறது என்று ஓட்டோ மேக்கன்சன் 1940களில் காட்டினார். ஓர் ஆணிடமிருந்து கிடைப்பது ஏறத்தாழ ஒரு மைக்ரோலிட்டர் விந்துதான். ஓர் இராணிக்கு எட்டு மைக்ரோலிட்டர் வரை செலுத்துவர். மிகச் சிறிய இந்தத் துளிகளின் வழியாகத்தான் தேனீ கடைசியில் மனிதரின் தேர்வுக்கு உட்பட்டது.

உட்பட்டதும் வெளிப்பட்டவை இரண்டு. ஒன்று, மெண்டல் தேடிய விகிதங்கள். வால்டர் ராத்தன்பூலர் 1964இல் வெளியிட்ட ஆய்வு, புழுக்கள் அழுகிச் சாகும் நோயுற்ற கூட்டில் செத்த புழுக்களை வெளியேற்றித் தூய்மை காக்கும் வழியையும், அவ்வாறு செய்யாத வழியையும் கலந்தது. கலப்பினத்திலிருந்து பிறந்த ஆண்களை, ஓர் இராணிக்கு ஓர் ஆண் என்ற கணக்கில், தூய்மை காக்கும் வழியின் இராணிகளுக்கு ஊசியால் செலுத்தி, 29 கூட்டங்களை உண்டாக்கினார். அவற்றில் 6 கூட்டங்கள் அறையின் மூடியைத் திறந்து பிணத்தையும் அகற்றின. 9 கூட்டங்கள் மூடியைத் திறந்துவிட்டுப் பிணத்தை அப்படியே விட்டன. எஞ்சிய 14இல் மூடியை ஆய்வாளரே திறந்து கொடுத்தபோது, 6 கூட்டங்கள் பிணத்தை அகற்றின. திறப்பதற்கு ஒரு மரபணு, அகற்றுவதற்கு ஒரு மரபணு, இரண்டும் ஒடுங்கு தன்மையுடையவை என்று அவர் பொருள் கொண்டார். ஒடுங்கு தன்மை என்பது, இரு பிரதிகளும் ஒன்றாக இருந்தாலன்றி வெளிப்படாத பண்பைக் குறிக்கும். ஒரு பிரதியிலேயே வெளிப்படுவது ஓங்கு தன்மை. மரபணுக்கள் இரண்டுக்கும் மேற்பட்டவை என்று பிற்கால ஆய்வுகள் திருத்தினாலும், ஒரு நடத்தையையே மெண்டலின் கட்டத்தில் வைத்துப் பார்க்க முடிந்த அந்த ஆய்வின் அழகு குறையவில்லை.

வெளிப்பட்ட மற்றொன்று கசப்பானது. நெருங்கிய உறவுக்குள் தொடர்ந்து இணைத்துத் தூய வழிகளை உண்டாக்கியவர்கள், புழு அறைகள் நடுநடுவே காலியாகிக் கிடப்பதைக் கண்டனர். இதன் மரபியல் காரணத்தை மேக்கன்சன் 1951இல் விளக்கினார். தேனீயின் பால் ஒரு தனி மரபணுவால் தீர்மானிக்கப்படுகிறது: அதன் இரு பிரதிகளும் வேறுபட்டிருந்தால் பெண், ஒரே பிரதி இருந்தால் ஆண், இரு பிரதிகள் இருந்தும் அவை ஒன்றாகவே இருந்தால் அதுவும் ஆண், ஆனால் பயனற்ற ஆண். அத்தகைய புழுக்கள் பொரித்த சில மணி நேரத்திலேயே பணித்தேனீக்கள் அவற்றைத் தின்றுவிடுகின்றன என்று போலந்தின் யெர்சி வோய்க்கே 1963இல் காட்டினார். இராணியிடமுள்ள இரு வகைகளில் ஒன்றையே கொண்ட ஓர் ஆணோடு மட்டும் அதை இணைத்தால், கருவுற்ற முட்டைகளில் பாதி வீணாகும். அந்த மரபணு எது என்று மார்ட்டின் பேயே குழுவினர் 2003இல் கண்டறிந்தனர். இராணி பல ஆண்களோடு வானில் இணைவதன் பயன் இங்கே தெளிவாகிறது: மனிதர் தடையென்று எண்ணியது தேனீக் கூட்டத்துக்குக் காப்பாக இருந்திருக்கிறது. மனிதரின் கட்டுப்பாடு நழுவினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. பிரேசிலின் வார்விக் கெர், வெப்ப நிலத்துக்கேற்ற தேனீயை உருவாக்க 1956இல் ஆப்பிரிக்க இராணிகளைக் கொணர்ந்தார். அடுத்த ஆண்டு 26 கூட்டங்கள் தப்பிச் சென்று, உள்ளூர் இராணிகளோடும் ஆண்களோடும் தம் விருப்பப்படி கலந்து, 1990இல் டெக்சாசை எட்டின. அடைத்து வைக்கும் வரைதான் இன மேம்பாடு மனிதர் கையில்.

இந்த முந்நூறு ஆண்டுப் போராட்டம் முடிந்த இடத்தில் விளையாட்டு தொடங்குகிறது. மைன்கிராஃப்ட் என்பது, கனசதுரக் கட்டைகளாலான, ஏறத்தாழ எல்லையற்ற நிலப்பரப்பில், விதிக்கப்பட்ட இலக்கு எதுவுமின்றித் தோண்டியும் கட்டியும் விளையாடுபவரே தம் நோக்கத்தை அமைத்துக்கொள்ளும் விளையாட்டு. இத்தகையவற்றைச் சேண்ட்பாக்ஸ் விளையாட்டு என்பர். அதற்கு ஆர்வலர்கள் தாமே எழுதிச் சேர்க்கும் கூடுதல் நிரல்களுக்கு மாட் என்று பெயர். சர்செங்கிர் என்ற புனைபெயர் கொண்டவர் உருவாக்கிய ஃபாரஸ்ட்ரி என்னும் மாட், பண்ணை இயந்திரங்களோடு தேனீ வளர்ப்பையும் விளையாட்டுக்குள் கொணர்ந்தது. காடு, புல்வெளி, பாலை, மழைக்காடு, பனிநிலம், சதுப்பு என ஒவ்வொரு நிலத்திலும் அதற்குரிய காட்டுக்கூடு இருக்கும். தனிக் கருவியால் அதைக் கலைத்தால் இளவரசி ஒன்றும் ஆண்கள் சிலவும் கிடைக்கும். இளவரசியையும் ஓர் ஆணையும் பெட்டியில் வைத்தால் இளவரசி இராணியாகி, ஆயுள் முடியும் வரை அடைகளைத் தந்து, இறக்கும்போது ஓர் இளவரசியையும் தன் கருவளத்துக்கேற்ற எண்ணிக்கையில் ஆண்களையும் விட்டுச் செல்லும். பெட்டியில் செருகும் மரச் சட்டங்கள்கூட விளையாட்டில் உண்டு. லாங்ஸ்ட்ராத்தின் சட்டமே அங்கே விளைச்சலைக் கூட்டும் கருவியாக மறுபிறவி எடுத்திருக்கிறது.

ஒவ்வொரு தேனீயும் உழைப்பு வேகம், ஆயுள், கருவளம், தட்பவெப்பத்தைத் தாங்கும் அளவு, மழையிலும் இரவிலும் வேலை செய்யும் திறன், நாடும் பூ முதலிய பண்புகளை இரு பிரதிகளாகச் சுமக்கிறது. வெளியே செயல்படுவது ஒன்று, உள்ளே மறைந்து வாரிசுக்குச் செல்லக்கூடியது மற்றொன்று. மறைந்த பிரதியைக் காண பீலைசர் என்னும் கருவி வேண்டும். அது ஒவ்வொரு தேனீயைப் படிக்கவும் ஒரு தேன்துளியைச் செலவிடுகிறது. இரு வேறு நிலத் தேனீக்களைக் கலந்தால், வாரிசு காமன் என்னும் புதிய இனமாக மாற 15 விழுக்காடு வாய்ப்பு. காமனை மீண்டும் ஒரு நிலத்தேனீயோடு கலந்தால் கல்டிவேட்டட் பிறக்க 12 விழுக்காடு. அவ்விரண்டையும் கலந்தால் நோபிள், டிலிஜென்ட் ஆகிய இரு கிளைகளுக்கும் தலா 10 விழுக்காடு. அதற்கு மேல் மெஜஸ்டிக், இம்பீரியல் என்று ஏற ஏற வாய்ப்பு 8 ஆகக் குறைகிறது. உண்மை உலகில் இரு இனங்களின் கலப்பு மூன்றாம் இனத்தை இவ்வாறு திடீரென்று பெற்றுத் தருவதில்லை. இது விளையாட்டின் கற்பனை. ஆனால் புதிய இனம் கிடைத்தபின் செய்ய வேண்டிய வேலை கற்பனையன்று. புதிதாய்ப் பிறந்தது பெரும்பாலும் கலப்பாகவே இருக்கும். அதை இன்னொரு கலப்போடு சேர்த்தால் தூய வாரிசுக்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, ஏற்கெனவே தூய்மையான ஆணோடு சேர்த்தால் இரண்டில் ஒரு பங்கு. ஒவ்வொரு தலைமுறையிலும் இளவரசி ஒன்றே, ஆண்கள் பல என்பதால், தேர்ந்த விளையாட்டாளர் தூய ஆண்களைச் சேமித்து வைத்து, இளவரசியின் வழியைத் தலைமுறை தலைமுறையாக அவற்றோடு சேர்த்துத் திருத்துகிறார். டார்ட்மூரில் ஒரே வழியின் ஆண்களை நிறுத்தி, அதன் நடுவே கன்னி இராணிகளை அனுப்பிய முறை இதுதான். சகோதரர் ஆடத்தின் பெயரையே கேள்விப்படாத பதின்வயதினர் பலர் அவருடைய முறையைத் தாமே கண்டடைந்து, எந்த இளவரசிக்கு எந்த ஆண் என்று தாளில் கட்டம் போட்டு வைத்துக்கொண்டது, மரபியல் கற்பித்தலில் பாடநூல்கள் எளிதில் எட்டாத வெற்றி.

கைமுறைக் கலப்புக்குப் பிறகு இயந்திரங்கள் வந்தன. ஃபாரஸ்ட்ரியின் மேல் எழுந்த பின்னியின் எக்ஸ்ட்ரா பீஸ், பிடியூவின் ஜெண்டஸ்ட்ரி ஆகிய மாட்கள், மரபணுக்களைத் தனித்தனியே பிரித்தெடுத்துப் பதிக்கும் கருவிகளைச் சேர்த்தன. ஜெண்டஸ்ட்ரியின் சாம்பிளர் ஒரு தேனீயை அழித்து, அதன் ஒரே ஒரு மரபணுவை, எது என்று முன்கூட்டித் தெரியாமல், மாதிரியாகத் தருகிறது. விரும்பிய மாதிரிகளையெல்லாம் ஒரு வார்ப்பில் சேர்த்துவைத்தால், இம்ப்ரிண்டர் அதை உயிருள்ள தேனீயின்மேல் பதிக்கிறது. மியூட்டட்ரான் என்னும் இயந்திரம், 10 விழுக்காட்டுக்குக் காத்திருக்கத் தேவையின்றி, மியூட்டஜென் என்னும் திரவத்தைச் செலவிட்டு இன மாற்றத்தை உறுதியாக நிகழ்த்துகிறது. புதிதாகக் கற்பவர்கள் இவ்வியந்திரங்களைக் கண்டவுடன் கைமுறையைக் கைவிட்டு அவற்றை நோக்கி ஓடுவது இயல்பு. ஆனால் சாம்பிளருக்குள் இடத்தக்க தேனீயை முதலில் பிறப்பித்தாக வேண்டும். எந்த மரபணு வேண்டும், அது எந்த இனத்தில் கிடைக்கும் என்ற அறிவு பெட்டியின் முன் செலவழித்த தலைமுறைகளிலிருந்தே வருகிறது. கைமுறையில் கற்றவருக்கே இயந்திரம் பயன்படுகிறது என்பதை இந்த ஏற்பாடு வற்புறுத்துவது, இதை வடிவமைத்தவர்களின் நல்லுணர்வைக் காட்டுகிறது.

விளையாட்டு விட்டுவிட்டவையும் உண்டு. வழக்கமான அமைப்பில் அங்குள்ள ஆண் தேனீயும் இரு பிரதிகளைச் சுமக்கிறது. ஜியெர்சோன் கண்ட உண்மை அங்கே செல்லாது. இராணி ஒரே ஓர் ஆணோடு இணைகிறது. இரு பிரதிகளும் முற்றிலும் ஒன்றான தேனீக்களைப் பெட்டி பெட்டியாகப் பெருக்கினாலும் புழு அறைகள் காலியாவதில்லை. ஒரே வகை மரபைக் கொண்ட ஆயிரம் பெட்டிகளே விளையாட்டாளரின் இலக்கு. அதுவே உண்மைத் தேனீக் கூட்டத்தின் பேரழிவு. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் பைப்புழு நோய் என்னும் தீநுண்மித் தொற்று கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் இந்தியத் தேனீக் கூட்டங்களின் மிகப் பெரும்பகுதியை அழித்தபோது, தொழில் மீண்டெழுந்தது பிழைத்த கூட்டங்களின் வேறுபட்ட மரபிலிருந்துதான். மெண்டலுக்குக் கிட்டாத கட்டுப்பாட்டை விளையாட்டு அளிக்கிறது. அக்கட்டுப்பாட்டுக்கு இயற்கை கேட்கும் விலையை மட்டும் அது சொல்லித் தருவதில்லை. அதைக் கற்பவர் உண்மையான தேனீப் பெட்டியைத் திறந்து பார்க்கும் இடத்துக்கு ஒருநாள் போக வேண்டியிருக்கும். 2019 இறுதியில் மைன்கிராஃப்டே தன் அடிப்படை விளையாட்டில் தேனீக்களைச் சேர்த்தது. அவற்றுக்கு இளவரசியோ ஆணோ மறைந்த பிரதியோ இல்லை.

இம்ப்ரிண்டர் செய்வதாகக் காட்டும் வேலையை ஆய்வகம் மெல்ல நெருங்கிக்கொண்டிருக்கிறது. 2014இல் ஜெர்மனியில் தேனீ முட்டைக்குள் வேற்று மரபணு செலுத்தப்பட்டு, அது அடுத்த தலைமுறைக்கும் சென்றது. 2016இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறையைத் தேனீயில் கையாண்டனர். முட்டைக்குள் செலுத்திய மாற்றம் அதிலிருந்து வளர்ந்த இராணியின் உடலில் சில செல்களில் இருக்கும், சிலவற்றில் இராது. ஆகவே இராணியைப் பார்த்து மட்டும் முடிவு சொல்ல இயலாது. அந்த இராணிகள் கருவுறாமல் இட்ட முட்டைகளிலிருந்து பிறந்த, ஒற்றைப் பிரதி மட்டுமே கொண்ட ஆண் தேனீக்களைச் சோதித்தே, மாற்றம் வாரிசுக்குச் சென்றதை அவர்கள் உறுதிசெய்தனர்.